மேட்டை வெட்டும் முன் மேலே ஏறிப் பாருங்கள்

வீடு கட்டுவோர் கேள்விகள்: குன்னூரில் 30 வருடம் சைட் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவரின் பதில்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் மாமனார் காலத்து வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறோம். பின்னால் 12 அடி மண்மேடு. தடுப்புச் சுவருக்காக மேஸ்திரி ஆறு பேரை விட்டு அதை வெட்டச் சொல்லியிருக்கிறார். ஹெல்மெட் பற்றிக் கேட்டால் சிரிக்கிறார். இதையெல்லாம் அதிகாரிகள் வந்து பார்க்க மாட்டார்களா? ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?
வாசகி, கோத்தகிரி

பதில்: உங்கள் சைட்டுக்கு யாரும் வர மாட்டார்கள் அம்மா. கட்டட வேலை நடக்கும் இடங்களில் பாதுகாப்பைப் பார்க்க வேண்டியது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். ஆனால் 1996 கட்டடத் தொழிலாளர் சட்டமும் சரி, அதற்குப் பதிலாக வந்த 2020 தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் சரி, 10 பேருக்குக் குறைவாக ஆள் வைத்துச் செய்யும் வேலையைத் தொடுவதில்லை. சொந்தக் குடியிருப்புக்கு இன்னொரு விலக்கும் உண்டு. பழைய சட்டத்தில் மொத்தச் செலவு 10 லட்ச ரூபாய் வரை, புதியதில் 50 லட்சம் வரை. மலையில் நாம் கட்டும் வீடுகளில் பாதி இந்த ஓட்டை வழியாக வெளியே போய்விடும். பஞ்சாயத்திலிருந்தோ நகராட்சியிலிருந்தோ வருபவர் பிளானைப் பார்ப்பார், பக்கவாட்டு இடைவெளியை அளப்பார். மேட்டை யார் எப்படி வெட்டுகிறார்கள் என்பது அவர் வேலை இல்லை.

ஹெல்மெட் இருக்கட்டும், மேட்டைப் பார்ப்போம். 2024 பிப்ரவரியில் ஊட்டி பக்கம் லவ்டேல் காந்தி நகரில், வீடு கட்டும் இடத்தில் தடுப்புச் சுவர் வேலை நடந்தபோது மேலே இருந்த பழைய கழிப்பறைக் கட்டடம் சரிந்து 6 பெண்கள் இறந்தார்கள். தலைக்கவசம் போட்டிருந்தால் மட்டும் அவர்கள் பிழைத்திருப்பார்களா? ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். தலை வெளியே தெரிந்தாலும் நெஞ்சு வரை புதைந்தவரால் மூச்சு இழுக்க முடியாது.

நானும் யோக்கியன் இல்லை. தொண்ணூறுகளில் வெலிங்டன் பக்கம் ஒரு வீட்டு வேலை. மேட்டை மேலிருந்து வெட்டினால் நேரமாகும் என்று கீழே குடைந்து எடுக்கச் சொன்னது நான்தான். தானாக விழும் மண்ணை அள்ளிவிடலாம் என்பது கணக்கு. மூன்றாம் நாள் மழை தூறிக்கொண்டிருந்தது. ஏதோ தோன்றி மேட்டின் மேலே ஏறிப் பார்த்தேன். புல்லுக்குள் விளிம்போடு ஒட்டியே ஒரு விரிசல், இரண்டு விரல் அகலம். குடைக் கம்பியை விட்டுப் பார்த்தேன், பாதிக் குடை உள்ளே போனது. எல்லாரையும் வெளியே வரச் சொன்னேன். 'மண்ணு கல்லு மாதிரி நிக்குது சார், அரை நாள் கூலி போகுதே' என்று மேஸ்திரி முணுமுணுத்தார். மறுநாள் காலை வந்து பார்த்தால், முந்தின நாள் சித்தாள்கள் நின்ற இடத்தில் தட்டும் இல்லை, மண்வெட்டியும் இல்லை, மண் மட்டும்தான்.

அதனால் நாளைக் காலை முதல் வேலையாக நீங்களே மேலே ஏறிப் பாருங்கள். விரிசல், மேலே கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டுச் சுவர், கசியும் ஊற்று, இதில் எது இருந்தாலும் இன்ஜினீயர் வந்து பார்க்கும் வரை வேலை வேண்டாம். உங்கள் சைட்டுக்கு அந்தப் பழைய சட்டம் வராவிட்டாலும் அதன் கீழ் வந்த 1998 மத்திய விதிகளை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்: ஆள் நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல், அதாவது ஐந்தடிக்கு மேல், மண் நின்று சரியும் ஆபத்து இருந்தால் முட்டுக்கட்டையும் பலகையும் கொடுத்துத் தாங்க வேண்டும். உங்களுடையது 12 அடி. மேலிருந்து படிப்படியாக வெட்டச் சொல்லுங்கள். மொத்த நீளத்தையும் திறக்காமல் சிறு துண்டாக வெட்டி, அங்கே சுவரை எழுப்பிவிட்டு அடுத்ததுக்குப் போகட்டும். மழை விழுந்தால் கீழே ஒருவரும் நிற்கக் கூடாது. கூலி போகிறது என்றால் அந்த அரை நாள் கூலியை நீங்கள் கொடுத்துவிடுங்கள், சில சிமென்ட் மூட்டைகளின் விலைதான்.

பழைய வீட்டை இடிப்பதில் ஒரு விஷயம் மட்டும். அந்தக் காலத்து வீடென்றால் கணப்பும் புகைபோக்கியும் இருக்கும். கூரையையும் சுற்றுச் சுவரையும் எடுத்துவிட்டுப் புகைபோக்கியைக் கடைசிக்கு விடுவார்கள், தாங்கலில்லாமல் தனியாக நிற்கும். அதைத்தான் முதலில் மேலிருந்து கல் கல்லாக இறக்க வேண்டும். கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் உடைக்காமல், தண்ணீர் தெளித்து முழுசாக இறக்குங்கள்.

பொறுப்பு? 'மேஸ்திரியிடம் லேபர் காண்ட்ராக்ட் விட்டுட்டேன்' என்று ஸ்டேஷனில் எல்லாரும்தான் சொல்கிறார்கள். அந்தத் தாள் மட்டும் உங்களைக் காப்பாற்றிவிடாது. கட்டடம் கட்டும்போதோ இடிக்கும்போதோ போதிய கவனம் எடுக்காததற்கே பாரதிய நியாய சன்ஹிதா 290-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு, உயிர் போனால் 106-ஆம் பிரிவும் வரும். வேலை தொடங்கும் முன் ஆறு பேரின் நலவாரிய அட்டையையும் கேளுங்கள். கொத்தனாரிடம் இருக்கும், சித்தாள் பெண்களிடம் பெரும்பாலும் இருக்காது. சீக்கிரம் பதியச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு மேலே ராத்திரியில் ஜேசிபி வைத்து மண் எடுக்கிறார்கள். யாரிடம் சொல்வது?
வாசகர், குன்னூர்

பதில்: நீலகிரியில் அனுமதி இல்லாமல் இயந்திரம் வைத்து மண் வெட்டக் கூடாது. வருவாய்க் கோட்டாட்சியருக்கு எழுத்தில் கொடுங்கள், படமும் தேதியும் சேர்த்து. மழை நாளாக இருந்தால் மனு எழுதிக்கொண்டிருக்காமல் உடனே 1077-க்குப் போன் பண்ணுங்கள், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை அது. அன்றைக்கு ராத்திரி மேட்டுப் பக்கத்து அறையில் படுக்க வேண்டாம்.