உச்சியை வெட்டினால் தகவல் கெடாதா?

கேள்வி: 4ஜி கோபுரத்திலிருந்து போகும் சிக்னலின் உச்சிகளை வேண்டுமென்றே வெட்டி அனுப்புவதாக வகுப்பில் சொன்னார்கள். வெட்டினால் தகவல் கெட்டுவிடாதா?
– பொறியியல் மாணவி, திருச்சி

பதில்: கெடும். தெரிந்தேதான் வெட்டுகிறோம். ஆம்ப்ளிஃபயர் சோதனைக்கூடத்தில் என் வேலையே, எவ்வளவு கெட்டால் தாங்கும் என்று பார்ப்பதுதான்.

20 மெகாஹெர்ட்ஸ் 4ஜியில் கோபுரத்திலிருந்து 1,200 துணை அலைகள் ஒன்றாகக் கிளம்புகின்றன. ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்குவதால் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். எப்போதாவது பல அலைகள் சேர்ந்தாற்போல ஏறிவிட்டால், அந்தக் கணத்தில் திறன் (பவர்) சராசரியைவிட 10 மடங்குக்கு மேல் எகிறும். அந்த ஒரு கணத்துக்காகப் பெரிய ஆம்ப்ளிஃபயர் வைத்தால், மற்ற நேரமெல்லாம் மின்சாரம் சூடாகத்தான் போகும்.

சின்னது வைத்தால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்புட்டை ஒவ்வொரு டெசிபெல்லாக ஏற்றிக்கொண்டே போனேன். எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் இருக்கிறது என்று காட்டும் அனலைசர் திரையில் மேசை மாதிரி தட்டையாக நின்ற சிக்னலுக்கு இரண்டு பக்கமும் தோள் முளைத்தது. அந்தத் தோள் பக்கத்து அலைவரிசைக்காரரின் இடம். அவர் பேச்சைக் கெடுக்க நமக்கு என்ன உரிமை?

அதனால் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் முன்பே டிஜிட்டலில் உச்சியைக் குறைக்கிறோம். கத்தரித்த மாதிரி நறுக்கென்று வெட்டினால் அதுவும் பக்கத்து இடத்தில் சிதறும். ஃபில்டர் போட்டால் சிதறல் அடங்கும், ஆனால் உச்சி திரும்ப முளைக்கும். மறுபடி வெட்ட வேண்டும். எனக்குப் பிடித்தது வேறு வழி: நம் அலைவரிசைக்குள்ளேயே அடங்கும் ஒரு துடிப்பைச் செய்து, உச்சி வரும் இடத்தில் கழித்துவிடுவது. பிழை நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும். அதற்கும் வரம்பு உண்டு. ஈவிஎம் என்ற அந்தப் பிழை அளவு, தகவலை அலையில் ஏற்றும் முறைகளில் மெதுவான க்யூபிஎஸ்கேவுக்கு 17.5 சதவீதம், அதைவிட வேகமான 64 க்யூஏஎம்முக்கு 8, இன்னும் வேகமான 256 க்யூஏஎம்முக்கு வெறும் 3.5. வேகம் கூடக் கூட வெட்ட இடம் குறைகிறது.

போனில் கதை வேறு. சுமார் 200 மில்லிவாட்தான் அதிகபட்சம், பேட்டரியும் சின்னது. அதனால் 4ஜியில் போனிலிருந்து கோபுரத்துக்குப் போகும் சிக்னலை எஸ்சி-எஃப்டிஎம்ஏ முறையில், உச்சி அதிகம் எழாதபடியே அமைத்துவிட்டார்கள். பழைய 2ஜி முறையான ஜிஎஸ்எம்மில் பேச்சு சிக்னலின் உயரம் மாறாது, இந்தத் தொல்லையே இல்லை.

ப்ராஜெக்ட் செய்வதாக இருந்தால், உச்சி குறைந்த வரைபடத்தோடு நிறுத்திவிடாதீர்கள். வெட்டிய பிறகு 64 க்யூஏஎம்மில் தகவலைக் குறிக்கும் 64 புள்ளிகளையும் வரைந்து பாருங்கள். ஒவ்வொரு புள்ளியும் பஞ்சு மாதிரி பரவியிருக்கும். அந்தப் பஞ்சுகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று பாருங்கள்.