ஃப்ராகாஸும் கணக்கு டீச்சரும் – கடிதம்

வணக்கம்.

பாரிஸிலிருந்து வந்த நாத்தனார் எனக்கு ஃப்ராகாஸ் என்ற சென்ட் கொடுத்தார். திறந்ததும் சம்பங்கி மாலை வாசம். அதைப் பற்றித் தேடிப் படித்தால், 'மயக்கும் பெண்ணின் மணம்', 'இவள் உள்ளே வந்தால் எல்லாத் தலையும் திரும்பும்' என்றே எழுதியிருக்கிறார்கள். நான் கணக்கு டீச்சர். அதிகம் பேசாதவள். போட்டுக்கொண்டு போன அன்று ஸ்டாஃப் ரூமில், "என்ன டீச்சர், முகூர்த்தத்துக்குப் போய்ட்டு நேரா வர்றீங்களா?" என்றார்கள். ஒரு மணத்துக்கு ஆளுமை என்று ஒன்று உண்டா? உண்டென்றால், அந்த ஆளுமை இல்லாதவர்கள் அதைப் போடலாமா?

வி., ஈரோடு

அன்புள்ள வி.,

உங்கள் ஸ்டாஃப் ரூமில் நல்ல மூக்குகள் இருக்கின்றன. ஃப்ராகாஸின் நடுநாயகம் சம்பங்கிதான். கூடவே மல்லி, ஆரஞ்சுப் பூ, கார்டீனியா. அடியில் சந்தனம், கஸ்தூரி. 1948இல் ரொபேர் பிகே என்ற ஆடை வடிவமைப்பாளருக்காக ஜெர்மேன் செலியே செய்தது. ஆண்களே நிறைந்திருந்த சென்ட் தயாரிப்புத் தொழிலில் பெயர் வாங்கிய முதல் பெண்களில் ஒருவர் அவர். அதே பிகேவுக்கு 1944இல் தோலும் புகையுமாக மணக்கும் பாண்டிட் என்ற சென்ட்டைச் செய்து கொடுத்தவர். பால்மான் என்ற இன்னோர் ஆடை வடிவமைப்பாளருக்குச் செய்த 'வான் வேர்' என்ற சென்ட்டில் கல்பானம் என்ற பச்சை வாடைப் பிசினை அள்ளிக் கொட்டினார். துளித்துளியாகச் சேர்க்க வேண்டியதைக் கை நிறையப் போடுவது அவர் பாணி. ஃப்ராகாஸில் அந்தக் கை சம்பங்கியின் மீது விழுந்தது.

அந்த மணத்தில் ஓர் ஆளுமை இருந்தால், முதலில் அது செலியேயுடையது என்பேன். அதற்குத் தயக்கம் கிடையாது. 'கொஞ்சம் உள்ளே வரலாமா' என்று கேட்காது.

மயக்குகிறவள் என்ற படம் எங்கிருந்து வந்தது? சம்பங்கியின் தாய்நாடு மெக்சிகோ. பிரான்சுக்கு அது கடல் கடந்து வந்த அதிசயம். பிரான்சு மன்னர் பதினான்காம் லூயியின் ட்ரியானோன் தோட்டத்தில் அதைக் கூட்டம் கூட்டமாக வைத்து, வாசம் தாங்காமல் அங்கே யாராலும் நிற்க முடியாமல் போனதாக அரசவைக் குறிப்புகள் சொல்கின்றன. லூயியின் காதலி லா வாலியேர், கர்ப்பத்தை மறைக்க அறை முழுக்கச் சம்பங்கி வைத்திருந்தாள் என்றொரு கதையும் உண்டு. கர்ப்பிணிகளுக்கு அந்த வாசம் ஆகாது என்று அன்று நம்பினார்களாம். கதை மெய்யோ பொய்யோ, கள்ளமும் படுக்கையறையும் அந்தப் பூவோடு ஒட்டிக்கொண்டன. பிற்பாடு வந்த விளம்பரக்காரர்கள் அதை விடவே இல்லை.

நம் ஊரில் இதே பூ கிலோ கணக்கில் சாக்கில் வந்து இறங்குகிறது. உங்களுக்குப் பக்கத்திலேயே, சத்தியமங்கலத்தில். பெருமாளுக்கும் சம்பங்கி, மாப்பிள்ளைக்கும் சம்பங்கி, கடைசி ஊர்வலத்துக்கும் சம்பங்கி. அதை முகர்ந்ததும் நமக்கு மயக்கும் பெண் வரமாட்டாள். மாலையும் கழுத்துமாகப் பட்டுச்சேலையில் வேர்த்து நிற்கும் யாராவதுதான் வருவார். இதில் வேடிக்கை, உலகின் வாசனைத் தொழிலுக்குச் சம்பங்கிச் சாறும் குண்டுமல்லிச் சாறும் பெருமளவில் போவது தமிழ்நாட்டிலிருந்துதான். நம் வயலில் பறித்ததே வேறொருத்தியின் கதையைச் சுமந்துகொண்டு திரும்பி வருகிறது.

அதற்காக எல்லாம் பழக்கம்தான், மணத்துக்கென்று குணமே இல்லை என்று சொல்லமாட்டேன். இவை இரவில் மணக்கிற பூக்கள். இருட்டில் அந்துப்பூச்சியைத் தூரத்திலிருந்து அழைக்க வேண்டியவை, அதனால் அடக்கி வாசிக்கத் தெரியாது. பறித்த பிறகும் சம்பங்கி மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பிரான்சில் வாசனைத் தொழிலுக்குப் பெயர்போன கிராஸ் நகரத்தில் முன்பு கண்ணாடித் தட்டில் கொழுப்பைத் தடவி அதன்மேல் பூவைப் பரப்பி வாசத்தை இழுத்ததற்கு அதுவே காரணம். இந்த வெள்ளைப் பூக்களில் இண்டோல் என்ற பொருளும் இருக்கிறது. மலத்திலும் இருப்பது அதுதான். அதை முழுக்க வடித்துவிட்டால் மல்லி, சோப்பு மல்லியாகிவிடும். ஃப்ராகாஸ் வடிக்கவில்லை. வெண்ணெய் போன்ற வழவழப்புக்குக் கீழே ஒரு கனிந்த, சற்றே அழுகிய சதைப்பற்று இருப்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். எனக்குப் பிடித்ததே அந்த இடம்தான்.

வெள்ளைப் பூ என்றாலே இந்தக் குணம் என்றும் எண்ணிவிடாதீர்கள். எட்மோன் ரூட்னிட்ஸ்கா என்ற சென்ட் கலைஞர் 1956இல் தியோர் நிறுவனத்துக்குச் செய்த தியோரிஸிமோவும் வெள்ளைப் பூ மணம்தான். ம்யூகே என்ற அந்தச் சின்ன மணிப்பூவிலிருந்து சாறு எடுக்க வராது. முழுக்க முழுக்க மூக்காலும் வேதியியலாலும் கட்டியது. ஈரமாக, காலை வெளிச்சமாக, விலகி நிற்கும். மறுபக்கம், 1981இல் வந்த ஜார்ஜியோ என்ற அமெரிக்க சென்ட்டும் இதே குடும்பம். அதைப் போட்டு வருகிறவர்களைச் சில அமெரிக்க உணவகங்கள் உள்ளே விடவில்லை என்று சொல்வார்கள். அதற்குப் பக்கத்தில் ஃப்ராகாஸ் மரியாதை தெரிந்தவள்.

பொருத்தம் பற்றிக் கேட்டீர்கள். தன் குணத்துக்கு ஏற்ற சென்ட் என்பது கடைக்காரர்கள் சொல்லிக்கொடுத்த பாடம். உரக்கப் பேசுகிறவர்தான் உரத்த வாசம் போட வேண்டும் என்றால், அது ஒரே ஆள் இரண்டு முறை பேசுவது. பேச்சைக் குறைத்துக்கொண்ட ஒருவர் மேல் ஃப்ராகாஸ் வருவதே எனக்குச் சுவாரசியம். அந்த மயக்கும் பெண்ணாக நீங்கள் மாற வேண்டியதில்லை, அவளும் உங்களைக் கேட்டுக்கொண்டு பாட்டிலுக்குள் புகவில்லை.

ஆனால் அளவு வேறு விஷயம், அதில் ஸ்டாஃப் ரூம் பக்கம்தான் நான். போட்டவர் மூக்கு கொஞ்ச நேரத்தில் பழகி மரத்துவிடும். போய்விட்டது என்று நினைத்து மறுபடி அடிப்போம். எதிரில் இருப்பவர் திணறுவார். மின்விசிறி சுற்றும் மூடிய வகுப்பறைக்கு ஒரே ஒரு அடி, அதுவும் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, ரவிக்கைக்குள் படும்படி. கழுத்தில் வேண்டாம். முதல் அரை மணியின் ஆரவாரத்தை வீட்டிலேயே செலவழித்துவிடலாம். சந்தனம் மேலே வரும் பின்மாலையில் முகர்ந்து பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் நாத்தனாரிடமே திருப்பிக் கொடுங்கள்.