ஆச்சிக்கு ஓர் ஆராய்ச்சிக் கணக்கு

ஆச்சி, போன செவ்வாய்க்கிழமை பள்ளத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து என் அறையில் உட்கார்ந்து நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "மனநல மருத்துவத்துல எம்.டி. முடிச்சிட்டுக் காரைக்குடியில கிளினிக் போடுன்னா, ஆராய்ச்சி பண்ணப் போறேங்கிறா. அதுக்கு யாரு காசு குடுப்பாக?" அன்றைக்கு வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். அரைகுறையாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். உங்கள் மகள் எம்.டி. சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது என்பதால், இப்போதே முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. ஆராய்ச்சி மானியம் வேறு, சம்பளம் வேறு. உதவிப் பேராசிரியர் வேலைக்குக் கல்லூரி சம்பளம் கொடுக்கும். மானியம் அந்தக் கல்லூரியின் பெயருக்கு வரும். ஆய்வு உதவியாளர் சம்பளம், பரிசோதனைச் செலவு, ஊர் ஊராகப் போய்வரும் செலவு எல்லாம் அதிலிருந்து போகும். உங்கள் மகள் கையெழுத்துப் போடுவாள், ஆனால் பணம் அவள் வங்கிக் கணக்குக்கு வராது. அரசு மானியம் என்றால், சும்மா கிடக்கும் பணத்துக்கு வங்கி போடும் வட்டியைக்கூடத் திருப்பிக் கட்ட வேண்டும். நம் பக்கத்தில் இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்!

அதனால் மானியத்தைத் தேடும் முன், அதை வாங்கி ஒழுங்காகக் கணக்கு வைக்கிற இடத்தைத் தேடச் சொல்லுங்கள். நம் காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியே இதற்குச் சாட்சி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். இடம் அமைந்தது, அப்புறம்தான் விஞ்ஞானிகளும் திட்டங்களும் வந்து சேர்ந்தார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், தேவகோட்டைப் பக்கம். ஒரு தனியார் கல்லூரியில் மனநலப் பிரிவில் உதவிப் பேராசிரியர். முதல் தவணை மானியம் வந்தது, வேலையும் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் கணக்குப் பிரிவில், வந்த பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழைத் தயார் பண்ணாமல் இழுத்தடித்ததில் இரண்டாம் தவணை எட்டு மாதம் நின்றுபோனது. வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பிய இரண்டு பெண்களுக்கு அவன் தன் சம்பளத்திலிருந்து கொடுத்தான். அந்தக் கல்லூரியில் சேரும் முன் ஒரே கேள்வி கேட்டிருந்தால் தப்பித்திருப்பான்: "இதற்கு முன் இங்கே யாராவது வெளி மானியம் வாங்கி, முழுதாக முடித்திருக்கிறார்களா?" தனியார் நிறுவனம் என்றால் மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறையான டி.எஸ்.ஐ.ஆரின் அங்கீகாரம் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். பல திட்டங்களில் அதைக் கேட்பார்கள்.

இனி படிக்கட்டு. உங்கள் ஐயா பர்மாவில் கடை வைத்திருந்ததைச் சொன்னீர்கள். அங்கே எடுத்த எடுப்பில் யாரும் மேலாள் ஆனதில்லை. முதலில் எடுபிடியான பெட்டியடி, பிறகு உதவியாளரான அடுத்தாள், அப்புறம்தான் கடையை நடத்தும் மேலாள். இங்கேயும் அதே வரிசைதான்.

உங்கள் மகள் இப்போது பெட்டியடி. அவளுடைய மூலதனம் எம்.டி. தீசிஸ், அதாவது படிப்புக்காக எழுதும் ஆய்வேடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எம்.ஆர்., முதுநிலை மாணவர்களின் தீசிஸுக்கு நிதி உதவி தருகிறது. தொகை பெரிதில்லை, ஆனால் வெளியே போட்டியிட்டு வாங்கிய முதல் பணம் என்று பயோடேட்டாவில் நிற்கும். அதற்கு, ஆய்வால் நோயாளிகளுக்குக் கெடுதல் வராதா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் வேண்டும். தீசிஸ் ஒரு சிகிச்சையைச் சோதிப்பது என்றால், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே, சிகிச்சைச் சோதனைகளுக்கான இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிய வேண்டும். 2018 ஏப்ரல் முதல், தாமதமாகப் பதியப் போனால் ஏற்பதில்லை. மனநலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 99ஆம் பிரிவுப்படி, தானாகச் சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருப்பவரை, மருந்து போன்ற சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வில் சேர்க்க மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வாங்க வேண்டும். தலைப்பு எடுக்கும்போதே இதை யோசிக்காதவர்கள் பின்னால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவார்கள்.

எம்.டி. முடித்த அடுத்த இரண்டு மூன்று வருடம்தான் வறட்சிக் காலம். சீனியர் ரெசிடெண்ட் வேலை தற்காலிகம். நிரந்தர வேலையில் இருப்பவர்தான் முதன்மை ஆய்வாளராக விண்ணப்பிக்கலாம் என்பது பல அரசுத் திட்டங்களின் விதி. அந்தச் சமயத்தில் பெரியவர் ஒருவரின் திட்டத்தில் இணை ஆய்வாளராக அடுத்தாள் வேலை பார்க்கட்டும். பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பான ஸ்கார்ஃப் போன்ற இடங்களில் அந்தப் பழக்கம் உண்டு. அந்த நிரந்தர வேலை விதிக்கு விலக்கு, இந்திய அரசும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 2008இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ் ஃபெலோஷிப். மருத்துவர்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு, ஆய்வுப் பணத்தோடு சம்பளமும் சேர்த்துக் கொடுப்பார்கள். போட்டி கடுமை. முதல் தடவையே கிடைக்கவில்லை என்று அழ வேண்டாம்.

உதவிப் பேராசிரியர் ஆன பிறகு ஐ.சி.எம்.ஆரின் திட்ட மானியங்கள் இருக்கின்றன. மூளை, நினைவாற்றல் சார்ந்த ஆய்வுக்கு மத்திய அறிவியல் துறையின் அறிவாற்றல் அறிவியல் திட்டமும் உண்டு. வெளிநாட்டுப் பணத்தில் அமெரிக்காவின் பிரெயின் அண்ட் பிஹேவியர் ரிசர்ச் ஃபவுண்டேஷன் தரும் இளம் ஆய்வாளர் மானியத்துக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். இரண்டு வருடத்துக்கு 70,000 டாலர் வரை. ஆனால் அமெரிக்க அரசு இளம் மருத்துவ ஆய்வாளர்களுக்குத் தரும் கே 23 என்ற மானியத்தைப் பற்றி யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். அது அந்நாட்டுக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் மட்டும்தான்.

"மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வது?" என்றும் கேட்டீர்கள். மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராகப் போகிறாள் என்று சொல்லுங்கள், பொய்யில்லை. கிளினிக்கை அவள் நாற்பது வயதிலும் போட்டுக்கொள்ளலாம். அப்போது போய் ஆராய்ச்சியைத் தொடங்குவதுதான் சிரமம்.

பொங்கலுக்கு வரும்போது தீசிஸ் தலைப்பையும், எத்திக்ஸ் கமிட்டிக்குக் கொடுத்த காகிதங்களையும், வழிகாட்டிப் பேராசிரியர் இதுவரை வாங்கிய மானியங்களின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். காலை பத்து மணிக்கு மேல் இருப்பேன். ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்குப் பூட்டிவிடுவேன். போன தடவை மாதிரி மனகோலம் பலகாரமெல்லாம் சுமந்துகொண்டு வர வேண்டாம், ஆச்சி. சரி, கொஞ்சமாகக் கொண்டு வாருங்கள்.