ஒற்றைக் கொம்பு – கடிதமும் பதிலும்

ஐயா,

வணக்கம். நீடாமங்கலம் அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். என் மகனுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. அவன் தாத்தா கட்டி வைத்த நாற்று முடிச்சுகளை எண்ணி, எத்தனை மா நிலத்துக்கு வரும் என்று வாயாலேயே கணக்குச் சொல்லிவிடுவான். புத்தகத்தைக் கொடுத்தால் மட்டும் ஒரு வரியைத் தாண்ட முடிவதில்லை. கவனமில்லை என்கிறார் ஆசிரியர். தஞ்சாவூரில் சிறப்புப் பள்ளியில் சேர்த்துவிடலாமே என்றார் தலைமையாசிரியர். மாற்றுத்திறனாளி என்ற சான்றிதழ் வாங்கினால் உதவி கிடைக்கும் என்கிறார்கள். "பிள்ளைக்கு ஊனம் என்று நீயே எழுதி வாங்குவாயா" என்று என் மாமியார் அழுகிறார். நான் என்ன செய்வது?

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனுக்கு என்ன சிரமம் என்பதைப் பரிசோதித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் மனக்கணக்கில் தெளிவாக இருக்கும் பிள்ளை எழுத்தின் முன் மட்டும் தடுமாறுகிறான் என்றால், அதைக் கவனமின்மை என்று சொல்லி முடித்துவிடுவது அநியாயம். முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள்.

பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த எழுத்தில் நிற்கிறான் என்பதைச் சில நாட்கள் தேதியிட்டுக் குறித்து வையுங்கள். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ ககரத்துக்குப் பின்னால் வருகிறது. 'கொ' என்றால் எழுத்தின் இருபுறமும் குறிகள். நமக்குப் பழகிப்போன இந்த அமைப்பு, எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் சிரமப்படும் குழந்தையை வரிக்கு வரி தடுக்கக்கூடும். பேச்சில் நாம் பிரித்துச் சொல்லாத ண, ன, ந அவனுக்கு இன்னும் கடினமாக இருக்கலாம். அந்தக் குறிப்பேடு, "படிக்க மாட்டேன் என்கிறான்" என்ற புகாரைவிடப் பரிசோதிப்பவருக்குப் பல மடங்கு உதவும்.

அடுத்ததாக, தலைமையாசிரியருக்கு எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளில், வாசிப்பது, எழுதுவது போன்றவற்றில் வரும் சிரமமான கற்றல் குறைபாடும் ஒன்று. அதன் 16ஆம் பிரிவு, அரசுப் பள்ளியானாலும் அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியானாலும், இக்குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து அதற்கேற்ப கற்பிக்க வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவில் சதவீதக் கணக்கு எதுவும் இல்லை. குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும் என்ற வரம்பு சில குறிப்பிட்ட சலுகைகளுக்குத்தான். கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் இத்தகைய குழந்தைகளுக்கென உள்ள சிறப்பாசிரியர் பள்ளிக்கு வந்து மகனைப் பார்க்க வேண்டும் என்று அந்த விண்ணப்பத்தில் கேளுங்கள். நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். சிறப்புப் பள்ளி தேவைப்படும் குழந்தைகள் உண்டு, ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியவர்கள் பெற்றோர். இந்த உதவிகளை எல்லாம் பள்ளி செய்து பார்ப்பதற்கு முன்பே அவனை அனுப்பிவிடச் சொல்வதை ஏற்க வேண்டாம்.

வெண்ணாற்றங்கரையில் நான் படித்த பள்ளியில், வாசிக்கத் தெரியாததற்காகத் தினமும் பெஞ்சின் மேல் நின்ற ஒரு தோழன் இருந்தான். மதகில் ஓடும் நீரைப் பார்த்தே, கடைமடைக்கு எப்போது எட்டும் என்று சொல்லிவிடுவான். ஆறாம் வகுப்போடு நின்றுபோனான். இன்று வங்கியிலிருந்து வரும் கடிதத்தை மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறான். அவன் சிரமத்துக்கு ஒரு பெயர் இருக்கும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

உங்கள் மாமியாரின் அழுகையைக் குற்றம் சொல்ல மாட்டேன். 'மக்கு' என்ற பெயரை எந்த அலுவலகமும் எழுதித் தரவில்லை, ஆனாலும் அது என் தோழனை விட்டுப் போகவே இல்லை என்பதை அவரிடம் சொல்லுங்கள். தஞ்சாவூர் அல்லது திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மதிப்பீட்டுக்குக் கேளுங்கள். சான்றிதழ் கையில் இருந்தால், பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்வதை எழுத ஒருவரும், மொழிப்பாட விலக்கும் கோரலாம். அதற்கு இன்னும் ஆறு ஆண்டுகள் இருக்கின்றன. வாசிக்கக் கற்றுத்தரும் வேலையை மட்டும் சான்றிதழ் வரும்வரை தள்ளிப்போட வேண்டாம்.

பள்ளி பதில் தராவிட்டால், முத்திரையிட்ட நகலோடு திருவாரூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரையும் பாருங்கள். சிறப்பாசிரியர் வந்து பார்த்த பிறகு என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.