எலியட்டின் ஏப்ரலும் நம் சித்திரையும்: வாசகர் கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கவிதை பற்றியவை. அவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டோம்.

உலகக் கவிதையில் ஒரு வருஷத்தில் என்னென்ன வருகிறது என்று இங்கிருந்தே பின்தொடர வழி உண்டா? நோபல் அறிவிப்பு மட்டும்தான் காதில் விழுகிறது.
— நூலக வாசகர், தென்காசி

நோபலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பல வருஷங்களுக்குக் கவிதை கண்ணில் படாது. 2011 முதல் 2025 வரை, பாடகர் பாப் டிலனை விட்டுவிட்டால், 2011-இல் டிரான்ஸ்ட்ரோமர், 2020-இல் லூயிஸ் க்ளுக் என்று இரண்டே கவிஞர்கள். 2025 அக்டோபரில் பரிசு பெற்ற கிராஸ்னஹோர்கை நாவலாசிரியர்.

கவிதைக்கென்று வேறு நாள்காட்டி இருக்கிறது. ஜனவரியில் லண்டனில் டி. எஸ். எலியட் பரிசு. அதே மாதம் சென்னைப் புத்தகக் காட்சி. தமிழில் புதுக் கவிதைத் தொகுப்புகள் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் வெளிவருகின்றன. மார்ச் 21 உலகக் கவிதை நாள். யுனெஸ்கோ 1999-இல் அறிவித்தது. மே மாதம் அமெரிக்காவில் புலிட்சர் பரிசு, ஜூனில் கனடாவின் கிரிஃபின் கவிதைப் பரிசு, ஆகஸ்ட் வாக்கில் வடக்கு மாசிடோனியாவில் ஸ்த்ரூகா கவிதை விழா, நவம்பரில் அமெரிக்க தேசியப் புத்தக விருது. 2024 நவம்பரிலிருந்து ஒரு சுற்று எண்ணினால், தேசியப் புத்தக விருது லீனா கலாஃப் துஃபாஹாவுக்கு, எலியட் பரிசு பீட்டர் கிஸிக்கு, புலிட்சர் மாரி ஹோவுக்கு. கிரிஃபின், ஜெர்மானியக் கவிஞர் டுர்ஸ் க்ரூன்பைனை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த கேரன் லீடருக்கு.

இவற்றில் நமக்கு அதிகம் பயன்படுவது கிரிஃபின்தான். பரிசுத் தொகை 1,30,000 கனடா டாலர். மொழிபெயர்ப்பு நூல் வென்றால் அதில் 60 சதவீதம் மொழிபெயர்ப்பாளருக்கு, 40 சதவீதம் மூலக் கவிஞருக்கு. 2024-லும் மொழிபெயர்ப்பே வென்றது: மெக்சிகோவின் ஒமேரோ அரித்ஜிஸ், மொழிபெயர்த்தவர் ஜார்ஜ் மெக்விர்ட்டர். இங்கே மொழிபெயர்ப்பாளர் பெயரை அட்டையில் போடவே கேட்டு வாங்க வேண்டியிருக்கும்போது, அந்த 60 சதவீதம் கவனிக்கத்தக்கது.

இறுதிப் பட்டியலையும் பாருங்கள். லீட்ஸ் நகரில் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த வித்யன் ரவீந்திரனின் தொகுப்பு 2019-இல் எலியட் பரிசின் இறுதிப் பட்டியலில் இருந்தது. வென்றவரை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்காது.

எல்லாவற்றையும் வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். பட்டியலில் உள்ளவர்களின் இரண்டிரண்டு கவிதைகளை வாசித்துவிட்டு, ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்து அந்த வருஷம் முழுவதும் அவரைப் படியுங்கள். சிகாகோவிலிருந்து 1912 முதல் வரும் 'பொயட்ரி' இதழின் பழைய பிரதிகள் அதன் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தொடங்க அது போதும்.

அண்ணாச்சி, எலியட்டின் 'பாழ்நில'க் கவிதையை மொழிபெயர்த்து வச்சிருக்கேன். இனிமே யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம்னு சொல்லுதாங்களே, நிசமா?
— வாசகர், திருநெல்வேலி டவுண்

இந்தியாவுக்குள் என்றால் நிசம். நம் சட்டத்தில் பதிப்புரிமை (காப்பிரைட்), ஆசிரியர் இறந்த வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள். ஆங்கிலக் கவிஞர் டி. எஸ். எலியட் இறந்தது 1965 ஜனவரி 4. கணக்கு 1966 ஜனவரியில் தொடங்கி 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தது. 1922-இல் 'தி வேஸ்ட் லேண்ட்' என்ற பெயரில் வெளியான கவிதையை இனி நீங்கள் தாராளமாக அச்சிடலாம்.

ஆனால் மூன்று இடத்தில் கால் இடறும்.

முதலாவது, இறந்த பிறகு முதன்முதலாக வெளியானவை. அவற்றுக்கு 60 ஆண்டு, வெளியான வருஷத்திலிருந்து எண்ணப்படும். பாழ்நிலத்தின் கையெழுத்துப் படிகள் 1971-இல்தான் நூலாயின. அதில் மட்டுமே உள்ள அடிகளை 2031 முடியும்வரை தொட முடியாது. அமெரிக்கக் கவிஞர் சில்வியா ப்ளாத்திலும் இதே சிக்கல். அவர் இறந்தது 1963. உயிரோடு இருந்தபோது இதழ்களில் வந்த கவிதைகளுக்கு 2023-உடன் உரிமை முடிந்தது. 1965-இல் வந்த தொகுப்பில் முதன்முதலாக இடம்பெற்றவற்றுக்கு 2025-உடன்தான் முடிந்தது.

இரண்டாவது, வெளிநாட்டு விற்பனை. பிரிட்டனிலும் இலங்கையிலும் 70 ஆண்டு. மின்னூலாக யாழ்ப்பாணத்துக்கும் லண்டனுக்கும் விற்பதாக இருந்தால் 2035 வரை அனுமதி வேண்டும். அச்சு நூலில் "இந்தியாவில் மட்டும் விற்பனைக்கு" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

மூன்றாவதில்தான் பலர் மாட்டுகிறார்கள். ஸ்பானியக் கவிஞர் லோர்கா இறந்தது 1936, அவர் உயிரோடு இருந்தபோது வெளியான கவிதைகளுக்கு எப்போதோ உரிமை முடிந்துவிட்டது. ஆனால் நீங்கள் ஸ்பானிஷிலிருந்து மொழிபெயர்க்கவில்லை. யாரோ ஒருவரின் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கிறீர்கள். அந்த ஆங்கிலத்துக்குத் தனி உரிமை உண்டு, அவர் இன்னும் உயிரோடும் இருக்கலாம். மூலக் கவிஞரும் உரிமைக் காலத்துக்குள் இருந்தால் இரண்டு அனுமதி வேண்டும். சிலியின் நெரூதாவுக்கு 2033 முடிய வேண்டும், ரஷ்யாவின் அக்மதோவாவுக்கு 2026 முடிய வேண்டும்.

அனுமதி கேட்கும் கடிதத்தை நூலின் உரிமைப் பக்கத்தில் உள்ள பதிப்பகத்தின் உரிமைப் பிரிவுக்கு அனுப்புங்கள். எந்தக் கவிதைகள், எந்த மொழி, எத்தனை பிரதி, என்ன விலை, அச்சா மின்னூலா, எந்த நாடுகளில் விற்பனை என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். இதில் ஒன்று விட்டுப்போனாலும் பதில் தள்ளிப்போகும். பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மதிப்புரையில் சில அடிகளை மேற்கோள் காட்ட மட்டும் அனுமதி தேவையில்லை.

அந்தக் கவிதையின் தொடக்கத்தில் வரும் ஏப்ரலைச் 'சித்திரை' என்று போட்டால் நம் வாசகருக்கு நெருக்கமாக இருக்குமே?
— தமிழாசிரியை, அம்பாசமுத்திரம்

நெருக்கமாக இருக்கும், கவிதை இருக்காது. ஏப்ரல்தான் மாதங்களிலேயே கொடியது என்று எலியட் தொடங்குகிறார். ஆங்கிலேயருக்கு ஏப்ரல் என்றால் பனி விலகி, மழை பெய்து, பூக்கள் தலைகாட்டும் மாதம். எல்லாரும் கொண்டாடும் அந்த மாதத்தைப் போய்க் கொடியது என்கிறாரே என்ற திடுக்கிடல்தான் அந்த வரி. நம் பக்கத்துச் சித்திரையோ, கால்வாயில் தண்ணீர் அடைத்து, தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிற வெயில். "சித்திரை கொடியது" என்றால் வாசகர் "ஆமாம், இதைச் சொல்லவும் வேண்டுமா" என்பார். ஏப்ரல் ஏப்ரலாகவே இருக்கட்டும். இரண்டாம் வரியில் வரும் லைலாக் பூவையும் மாற்ற வேண்டாம். அடுத்த நான்கு வரிக்குள் வசந்த மழையும் மறதிப் பனியும் வந்து, அது எந்த ஊர் ஏப்ரல் என்பதைக் காட்டிவிடுகின்றன.

இன்னொன்று, வரிகளின் முடிவு. மூலத்தின் முதல் ஆறு வரிகளில் ஐந்து, வேலை முடியாத வினையில் நிற்கின்றன. தமிழில் அதற்கு வினையெச்சம் தயாராக இருக்கிறது: ஈன்று, கலந்து, கிளறி, போர்த்தி, ஊட்டி. ஒரு வித்தியாசம் உண்டு. ஆங்கிலத்தில் வினை வரிக்கடைசியில் தொங்க, எதை என்பது அடுத்த வரியில் வருகிறது. தமிழில் 'எதை' முன்னால் வந்துவிடும், வினை அந்த வரியின் கடைசியில் நிற்கும். இருந்தாலும் வாக்கியம் முடியாத தவிப்பு அப்படியே தங்குகிறது. எச்சத்தில் வாக்கியம் முடியலாமா என்று மெய்ப்புப் பார்ப்பவர் 'கிளறுகிறது' என்று திருத்திவிடுவார். கடைசிப் படியில் அதைத் தேடிப் பார்த்து எச்சமாகவே மாற்றுங்கள்.

மூன்றாவது, 'நாம்', 'நாங்கள்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ஐந்தாம் வரியில் குளிர்காலம் கதகதப்பாக வைத்திருந்தது யாரை? அங்கே இன்னும் எந்த மனிதரும் கவிதைக்குள் வரவில்லை, அதனால் 'நம்மை' பொருந்தும். மூன்று வரி தள்ளி, கோடை ஓர் ஏரியைக் கடந்து வந்து திகைக்க வைக்கும் இடத்தில், மழைக்கு ஒதுங்கிக் காப்பி குடிக்கிற ஒரு கூட்டம் பேசுகிறது. அங்கே 'எங்களை'தான். பேசுகிற குரல் நமக்குத் தெரியாமல் கைமாறுவதை எலியட் ஒரே சொல்லுக்குள் மறைத்தார். தமிழ் அதை வெளிக்காட்டிவிடுகிறது. அது இழப்புதான், ஆனால் இரண்டு இடத்திலும் 'நம்மை' என்று போட்டால் குரல் மாறியதே தெரியாமல் போகும், அது அதைவிடப் பெரிய இழப்பு.

ஜப்பானிய மொழி தெரியாமல் ஆங்கிலம் வழியாக ஹைக்கூ மொழிபெயர்ப்பது தவறா?
— கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

தவறில்லை. ஜப்பானியக் கவிதை பற்றிப் பாரதி 1916-இலேயே சுதேசமித்திரனில் எழுதிவிட்டார். ஆனால் ஆங்கிலத்தையே மூலம் என்று நம்பிவிடாதீர்கள். ஜப்பானியக் கவிஞர் பாஷோவின் தவளைக் கவிதையை எடுங்கள். ஒலி இது: "ஃபுரு இகே யா / கவாஸு தொபிகொமு / மிஸு நொ ஒதோ". 'ஃபுரு இகே' பழைய குளம். 'யா' என்பது பொருளற்ற வெட்டுச்சொல், அங்கே ஒரு நிறுத்தம். 'கவாஸு' தவளை, 'தொபிகொமு' உள்ளே குதிக்கும், 'மிஸு நொ ஒதோ' நீரின் ஓசை.

இப்போது சொல்லுக்குச் சொல் வையுங்கள்: பழங்குளம் — தவளை குதிக்கும் நீரின் ஓசை. வரிசையே மாறவில்லை. 'குதிக்கும்' நம் மொழியில் முற்றாகவும் நிற்கும், 'ஓசை'யைத் தழுவும் பெயரெச்சமாகவும் நிற்கும், 'தொபிகொமு'வும் அப்படித்தான். 'நொ' நம் 'இன்'. ஒரு தவளையா பல தவளையா என்று மூலம் சொல்லவில்லை, நாமும் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் 'ஒரு' சேர்த்து, வினையைப் பிரித்து, சில சமயம் 'தொபக்' என்ற ஒலியையும் கூட்டிவிடுகிறார்கள். அதை அப்படியே தமிழாக்கினால் நம்மிடம் இருந்த நெருக்கத்தை நாமே தொலைக்கிறோம்.

எனவே செய்ய வேண்டியது இதுதான். மூலத்தின் ஒலிபெயர்ப்பும் சொல்லுக்குச் சொல் பொருளும் உள்ள பதிப்பு ஒன்று, வெவ்வேறு ஆட்கள் செய்த ஆங்கில ஆக்கம் இரண்டு, மூன்றையும் பக்கத்தில் வையுங்கள். ஆங்கிலங்கள் இரண்டும் எங்கே வேறுபடுகின்றனவோ, அங்கே மூலத்தில் ஏதோ இருக்கிறது என்று பொருள்.

'குளம்' பற்றி ஒரு சொல். நம் ஜில்லாவில் குளம் என்றால் நயினார்குளம் மாதிரி மறுகரை தெரியாமல் கிடக்கும் பாசனக் குளம். பாஷோவினுடையது சின்னது, அசையாதது, தவளை விழுந்தால் சத்தம் கேட்கிற அளவு. 'குட்டை' என்றால் அளவு சரியாகும், ஆனால் சேறும் எருமையும் கூடவே வந்துவிடும். 'பழங்குளம்' என்பதே தேவலை.

கம்ப்யூட்டரில் ஒழுங்காக இருந்த கவிதைகள் புத்தகமாக வந்தபோது வரி உடைந்து, எழுத்து மாறிவிட்டது. ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கும் தனியாகப் பணம் கேட்டார்கள். அடுத்த தொகுப்புக்கு என்ன செய்ய?
— கவிஞர், சங்கரன்கோவில்

வரி உடைவதற்குக் காரணம் பக்க அளவு. நீங்கள் ஏ4 தாளில் எழுதுகிறீர்கள், புத்தகமோ 5½ × 8½ அங்குல டெமி. ஓரம் போக, எழுத்துக்கு நாலு அங்குலம் மிஞ்சும். எழுதும்போதே பக்கத்தை அந்த அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்படியும் மடங்கும் வரியை இரண்டு எழுத்து உள்ளே தள்ளச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாசகர் அதைப் புதுவரி என்று நினைப்பார். இரண்டு ஓரமும் நேராக இருக்கும்படி இழுத்துக் கட்ட விடாதீர்கள், சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். பத்தி இடைவெளி பக்கத்தின் அடியில் விழுந்தால் இடைவெளி இருப்பதே தெரியாது. ஒரு வரியை அடுத்த பக்கத்துக்குத் தள்ளுங்கள்.

எழுத்து மாறுவது பழைய எழுத்துருவிலிருந்து, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு மாற்றும்போது. துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர', 'கௌ' இருக்க வேண்டிய இடத்தில் 'கெ'யும் 'ள'வும், 'எ'க்குப் பதில் தமிழ் எண் ஏழு. இவை கண்ணுக்குத் தெரியாது. கோப்பில் ஒவ்வொன்றாகத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அச்சு பாரம் 16 பக்கம், அதனால் 80 அல்லது 96 பக்கத்தில் முடியுங்கள். 83 என்று நின்றால் 13 பக்கம் வெறுமையாகப் போகும்.

ஐ.எஸ்.பி.என். என்பது ஒவ்வொரு நூலுக்கும் தரப்படும் சர்வதேச அடையாள எண், அதற்குக் கட்டணமே கிடையாது. ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். அச்சுக்குக் கொடுக்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள், எண் வந்த பிறகுதான் பின்னட்டையை முடிக்க முடியும். நூல் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி உங்கள் செலவில் அனுப்ப வேண்டும் என்பது 1954-ஆம் ஆண்டுச் சட்டம். அச்சகத்திலிருந்து கட்டு வந்ததும் அந்த நான்கு பிரதிகளை முதலில் எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள்.