என்னைத் தெரியுதா?

அன்புள்ள அக்கா,

உங்கள் புது நாவலை ஒரே ராத்திரியில் படித்து முடித்தேன். ஸ்கூட்டியிலிருந்து விழுந்த வளர்மதி, காலேஜில் சேர்ந்த பிறகான பதினொரு மாதத்தையும் அதில் வந்த செந்திலையும் சேர்த்தே மறந்துபோகிறாள். அவன் விடாமல் வந்து பழைய கதையெல்லாம் சொல்கிறான். ஆற்றில் தண்ணீர் வரும் அத்தியாயத்தில் எல்லாம் ஞாபகம் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. கடைசியில் மன்னார்குடியில் திருச்சி பஸ் ஏறிவிடுகிறாள். செந்தில் பாவமில்லையா? மூளை மறந்தாலும் மனசு மறக்குமா அக்கா?

கல்லூரி மாணவி, திருத்துறைப்பூண்டி

அன்புள்ள தங்கைக்கு,

செந்தில் பாவம்தான். அவனை எழுதும்போது எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் அவன் பாவம் என்பதற்காக வளர்மதி அவனுக்குக் கடன்பட்டவள் ஆகிவிடுவாளா? நாவல் முழுக்க அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் சித்தி மகள் நீடாமங்கலம் சாலையில் வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டாள். அவள் கண் விழித்ததிலிருந்து, பார்க்க வந்த சொந்தம் அத்தனையும் கட்டிலருகே குனிந்து கேட்டது ஒன்றுதான்: "என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லு பாப்போம்." சரியாகச் சொன்னால் சிரிப்பார்கள். தடுமாறினால் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்த அழுகையைப் பார்க்க முடியாமல் அவள் எல்லோருக்கும் "தெரியுது" என்று சொல்ல ஆரம்பித்தாள். ஆரஞ்சுப் பழத்தோடு யார் வந்து நின்றாலும் "தெரியுது". பரீட்சையில் விடை தெரியாத கேள்விக்கு எதையோ எழுதிவைக்கிற பிள்ளையின் முகம் அப்போது அவளுக்கு. அந்த முகத்திலிருந்துதான் வளர்மதி வந்தாள்.

விபத்துக்கு முந்தைய மூன்று வாரம் என் தங்கைக்கு இன்றுவரை திரும்பவில்லை. தலைக்காயத்தில் பெரும்பாலும் பழைய ஞாபகங்கள்தான் முதலில் மீளும். விபத்தை ஒட்டிய நாட்கள் வராமலே போவதுண்டு, அவை மூளையில் நன்றாகப் பதிவதற்குள் அடி விழுந்துவிடுவதால். பலமான அடியில் மாதக்கணக்கிலும் போகலாம். எல்லாம் உள்ளே பத்திரமாகப் பூட்டிக் கிடக்கிறது, அன்போடு தட்டினால் திறந்துகொள்ளும் என்று நாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கையின் பாரம் முழுக்க அடிபட்டவள் தலையில்தான் ஏறுகிறது.

ஆனாலும் நீ கேட்ட கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதன்பிறகு புதிதாக நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் மேல் கோடு இழுக்கச் சொன்னார். முந்தைய நாள் அதைச் செய்த ஞாபகமே மொலைசனுக்கு இருக்காது. கை மட்டும் நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தது. வளர்மதி மறந்த விதம் வேறு, ஆனால் கைக்குத் தனியாக ஒரு ஞாபகம் உண்டு என்பதை அங்கிருந்து எடுத்துக்கொண்டேன்.

அதனால்தான் அவள் விரல் போனின் பேட்டர்னைத் தானாகப் போடுகிறது. கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. விரலை வைத்தால் கீழிருந்து மேலே போய்க் குறுக்கே திரும்புகிறது, பூட்டு திறக்கிறது. உள்ளே நூற்றுக்கணக்கில் மெசேஜ். "சரிடா." "சாப்டியா?" "போடா லூசு." எல்லாம் அவள் எழுதியவை. எந்தக் குரலில் சொன்னோம் என்று பிடிபடாமல் ஒவ்வொன்றையும் கோபமாக ஒருமுறை, கொஞ்சலாக ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறாள். அங்கேதான் அந்தச் சண்டையும் கிடைக்கிறது. இருபது நாள் இருவரும் பேசாமல் இருந்திருக்கிறார்கள். செந்தில் சொன்ன கதைகளில் அது இல்லை. அவன் பொய்யன் இல்லை, பயந்துபோனவன். ஆனால் அடுத்தவர் வாயால் தன்னைத் தெரிந்துகொண்டது போதும் என்று அவளுக்குத் தோன்றுவது அந்த ராத்திரியில்தான்.

தண்ணீர் வரும் அத்தியாயத்துக்கு வருகிறேன். முதலில் எழுதியபோது நீ நினைத்தபடியேதான் எழுதினேன். நுரையும் சருகுமாகத் தண்ணீர் வர, மதகில் நின்றிருந்த வளர்மதி அவன் பெயரைச் சொல்லிக் கத்துவாள். எழுதிவிட்டு சந்தோஷமாகத் தூங்கினேன். பிறகுதான் அவள் வயதைக் கணக்குப் பார்த்தேன். 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம், பாசனத்துக்குத் தண்ணீர் விடும் வழக்கமான நாளான ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கவே இல்லை. அவள் பள்ளிக்கூடம் போன வருஷங்கள் அவை. அவள் அப்பா கடைமடைக்காரர், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில் நிலம் வைத்திருப்பவர். குறுவையைக் கைவிட்டு, சம்பாவுக்கு மழையை நம்பிப் புழுதியில் விதை தெளித்துவிட்டு வானத்தைப் பார்த்தவர். நாள் குறித்த தண்ணீர் வராத வருஷத்தை ஒரு வீடு எப்படி ஓட்டுகிறது என்று பார்த்து வளர்ந்த பெண் அவள். அவள் கதையில் ஆறு சொன்ன நேரத்துக்கு வந்து எல்லாவற்றையும் சரிசெய்வதாக எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. திருத்துறைப்பூண்டிக்காரி நீ, உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவள் செந்திலை உதறிவிட்டுப் போகவில்லை. கடைசிப் பக்கத்தை இன்னொரு முறை படி. பஸ் ஏறுமுன் புது நம்பரை அவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் போகிறாள். "கூப்பிடு. ஆனா நாம முன்னாடி என்ன பேசினோம்னு சொல்லாத. இன்னைக்கு என்ன சாப்ட்டன்னு சொல்லு."

பஸ் தஞ்சாவூர் போய்ச் சேர்வதற்குள் அவன் கூப்பிட்டுவிட்டான். தயிர்சாதம் என்றான்.

அன்புடன்,
அக்கா