வின்ச்சுக்காக ஸ்டீயரிங்கில் கை வைக்கலாமா?

ஜிப்ஸி ஜீப்பில் வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் இயந்திரம்) உட்காரும் தட்டு மாட்டினேன். வண்டியைத் திருப்பினால் டிராக் லிங்க், அதாவது ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பி, தட்டில் உரசுகிறது. சூடுபடுத்தி லேசாக வளைத்துவிடலாமா?

கூடாது. பட்டறையில் பத்து நிமிடத்தில் வளைத்துத் தருவார்கள், அதுதான் ஆபத்து. நேரான கம்பி தள்ளினாலும் இழுத்தாலும் எளிதில் நெளியாது. வளைத்த கம்பி ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் நெளியும். சூடுபட்ட இடத்தில் வலுவும் போயிருக்கும். சில வண்டிகளில் கம்பெனியே வளைந்த லிங்க் போடுகிறதே என்பீர்கள். அது அந்த வளைவுக்கென்றே கணக்குப் போட்டுச் செய்த கம்பி.

வெட்ட வேண்டியது தட்டை. அல்லது அதை உயர்த்துங்கள். பிறகு தட்டின் அடியில் களிமண் ஒட்டி, ஒரு முன்சக்கரத்தை மேட்டில் ஏற்றி, இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். அடுத்த சக்கரத்துக்கும் அப்படியே. களிமண்ணில் தடம் விழுந்தால் இன்னும் வெட்ட வேண்டும். சமதரையில் பார்த்துவிட்டு "இடிக்கவில்லை" என்று திருப்திப்பட்டு, காட்டில் மாட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட்டிலேயே தட்டையும் சேர்த்து முறுக்கலாமா?

அந்த போல்ட்டுகளுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. வின்ச் இழுக்கும் சுமை சேஸியின் இரண்டு தண்டுக்கும் பிரிந்து போக வேண்டும், தனி போல்ட்டுகளில். கோணலாக இழுக்கும்போது ஒரு தண்டுதான் பெரும்பாலும் தாங்கும். அங்கே ஸ்டீயரிங் பாக்ஸும் இருந்தால் விரிசல் விட அதிக நாள் ஆகாது.

ஸ்டீயரிங் அதிர்வை அடக்கும் டேம்பர் இடைஞ்சலாக இருக்கிறது. கழற்றிவிடட்டுமா?

கழற்றி ஓட்டிப் பாருங்கள். சக்கரம் ஆடினால், பெரும்பாலும் கிங்பின் பேரிங்கோ (சக்கரம் திரும்பும் அச்சின் பேரிங்) டை ராடு (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) முனையோ தேய்ந்திருக்கும்; டேம்பர் அதை மறைத்துக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்து, டேம்பரை வேறு இடத்தில் மாட்டுங்கள்.

12,000 பவுண்டு இழுக்கும் வின்ச் போட்டதும் ஸ்டீயரிங் கனக்கிறது, நேராகவும் நிற்கவில்லை.

ஜிப்ஸிக்கு எதற்கு அவ்வளவு பெரிது? சுமையோடு சேர்த்த வண்டி எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுவை போதும். சுமார் 1,600 கிலோவுக்கு 6,000 பவுண்டு (சுமார் 2,700 கிலோ) தாராளம். போதாத இடத்தில் கப்பி போட்டால் இழுவை ஏறத்தாழ இரட்டிப்பாகும். வின்ச்சின் கனத்தில் முன்பக்க ஸ்பிரிங் பட்டை தழைந்ததால் டிராக் லிங்க்கின் கோணம் மாறியிருக்கிறது. பட்டையைச் சரிசெய்த பிறகே ஸ்டீயரிங்கை நேராக்குங்கள்.

ஆர்.டி.ஓ. அனுமதி?

பம்பருக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் சிக்கல்தான். பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்புகளான கிராஷ் கார்டு, புல் பார் மீது நடவடிக்கை எடுக்க 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் வடிவத்தை மாற்றக் கூடாது என்றது. மாட்டும் முன் உங்கள் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.